குன்றை விலை பேசுமுன்

கல்லுக்கும் பெங்களூருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. லால்பாக் தோட்டத்துப் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையதென நிலவியலார் கூறுவர். 1956-இல் கட்டி முடிக்கப்பெற்ற விதான சௌதா கருங்கல்லின் பெருமைக்குச் சான்றாக நிற்கின்றது. இந்நகரைச் சூழ்ந்த குவாரிகளில் கல்லுடைத்துப் பிழைக்கத் தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் சங்கத்திலும் உள்ளனர்.

ஆதலின், நம் அன்பர் சிலர் கூட்டாகப் பணமிட்டு, நகரின் புறத்தே இரண்டரை ஏக்கர் பாறை நிலத்தில் சிறு கருங்கல் குவாரி ஒன்று தொடங்கலாமா என்று கேட்டபோது, அதனை வெறும் வியாபாரப் பேச்சாகக் கொள்ள நம்மால் இயலவில்லை. நிலத்தை நேரில் கண்டோம், கணக்கையும் பார்த்தோம். ஊரில் பாறை நிலம் உடைய ஏனைய குடும்பங்களுக்கும் உதவுமென்று எண்ணி, கண்டவற்றை இங்கு எழுதுகின்றோம்.

முதலாவது, கல்லின் கணக்கு. தரகர் தந்த தாளில் நீளம் 100 மீட்டர், அகலம் 100 மீட்டர், ஆழம் 18 மீட்டர். ஆகக் கல் 1,80,000 கனமீட்டர் என்றிருந்தது. பெருக்கல் சரியே. ஆனால் எல்லையோரத்தில் ஏழரை மீட்டர் தொடாமல் விடவேண்டும். கிணறு வெட்டுவதுபோல் செங்குத்தாக இறங்கவும் ஆகாது. ஆறு மீட்டர் உயரமும் அதற்குக் குறையாத அகலமும் கொண்ட படிகளாக வெட்டினால்தான் பாறை சரிந்து ஆட்களின்மேல் விழாது. இவ்வாறு மூன்று படிகள் இறங்கினால் முதற்படியில் 43,350, இரண்டாவதில் 31,974, மூன்றாவதில் 22,326, ஆக மொத்தம் 97,650 கனமீட்டரே கிட்டும். தாளில் கண்டதில் ஏறக்குறைய பாதி! அதிலும் மேல்மண்ணும், உளுத்த பாறையும், கீறலோடிய கல்லும் கழியவேண்டும். மெருகேற்றத்தக்க பெருங்கட்டிகள் சிறுபங்கே தேறும்; எஞ்சியது ஜல்லிக்குத்தான் போகும். துளையிட்டு மாதிரிக்கல் எடுத்துப் பாராமல் விலை பேசுவது, பல்லைப் பிடித்துப் பாராமல் மாடு வாங்குவதை ஒக்கும்.

இரண்டாவது, அனுமதி. குவாரி சிறிதாயின் அனுமதியும் எளிதென்று அன்பர்கள் நினைத்திருந்தனர். முன்னாளில் பெரிய நிலத்தைச் சிறு துண்டுகளாக்கிக் காட்டிச் சுற்றுச்சூழல் அனுமதியின்றித் தோண்டியவர் உண்டு. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் அவ்வனுமதி வேண்டுமெனக் கட்டளையிட்டது. 2016-இல் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, 500 மீட்டருக்குள் அடுத்தடுத்துள்ள குவாரிகளை ஒரே தொகுதியாக எண்ணச் சொல்கின்றது. நாம் கண்ட நிலத்தின் வடபுறத்தில், கூப்பிடு தூரத்திலேயே, வேறொரு குவாரி நடைபெறுகின்றது. ஆகவே தாளில் தனித்து நிற்கும் குவாரி தரையில் தனித்து நிற்கவில்லை. பஹணியில் அது பட்டா நிலமா, மேய்ச்சலுக்குரிய கோமாள நிலமா என்று பார்ப்பதும், சுரங்க நிலவியல் துறையின் குத்தகை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு ஆகியவற்றைப் பெறுவதும் இவற்றோடு சேரும்.

மூன்றாவது, எல்லைக்கு வெளியே செல்வன. வெடியின் அதிர்வு வேலியோடு நிற்பதில்லை. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-இல் வகுத்த வரம்பின்படி, பிறருடைய வீடுகளருகே, அதிர்வெண் 8-க்குக் குறைந்த மெதுவான அதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. முதல் வெடி வைக்குமுன்னரே அண்டைவீட்டுச் சுவர்களின் கீறல்களைப் படமெடுத்து, கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து வைத்தல் நலம். இல்லையேல் பின்னர் வழக்கு எழும்போது ஊராரிடமும் சான்றிராது, உடையவரிடமும் இராது. வெடிமருந்தைச் சட்டத்திற்குப் புறம்பாக வைத்திருப்பதன் விளைவை, 2021 பிப்ரவரியில் சிக்கபள்ளாபுர மாவட்டத்து ஹிரேநாகவள்ளியருகே அறுவர் மாண்டபோது நாடே கண்டது.

நான்காவது, நம் நெஞ்சை மிகவும் உறுத்தியது. கருங்கல்லில் சிலிக்கா உண்டு. உலர்ந்த பாறையில் துளையிடும்போது எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயைத் தரும். அதனைத் தீர்க்க மருந்தில்லை. துளையிடும்போதே நீர் பாய்ச்சினால் தூசி பெரிதும் அடங்கும், அந்நீருக்கும் செலவுண்டு. நம் பாட்டன்மார் காலத்தில் தூசிக்குக் கணக்கில்லை. முன்பணம் வாங்கிக் கடனிலிருந்து மீளாதவர்க்கோ, 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரும்வரை முறையான காப்பில்லை. அன்று பிழைக்க வந்தவர்கள் நாம். இன்று அப்பாறைமேல் நிற்பவர் வேறு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர். இம்முறை கூலி கொடுக்கும் இடத்தில் நாம் இருக்கப் போகின்றோம்.

இவற்றையெல்லாம், குவாரி முடிந்தபின் பள்ளத்தைச் சுற்றி வேலியிடும் செலவோடு சேர்த்து, வரவுக்கு முன்பாகவே எழுதிப் பார்க்குமாறு அன்பர்களிடம் கூறினோம். "இத்தனையும் எழுதினால் இலாபம் எங்கே மிஞ்சும்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். மிஞ்சினால் தொழிலைத் தொடங்கலாம். மிஞ்சாவிடில், அந்த இலாபம் கிணற்றுக்காரரிடமிருந்தும் கூலியாளிடமிருந்தும் வரவிருந்ததே என்று அறிந்து விலகலாம் என்றோம்.

முன்பணம் இன்னும் கொடுபடவில்லை. எல்லை அளவையும் மாதிரித் துளையும் முடிந்தபின் மீண்டும் கூடுவதென்று முடிவாகியுள்ளது. நகர் வளரக் கல் வேண்டும். குவாரியே கூடாதென்பது நம் கருத்தன்று. ஆயினும் ஒருமுறை வெட்டிய குன்று மறுபடி முளைப்பதில்லை. அதனை விலை பேசுமுன் சில மாதங்கள் பொறுத்திருப்பதால் எவர்க்கும் நட்டமில்லை.