அப்பாவின் இடது காதும் இரண்டு மரப்பெட்டிகளும்

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, ஈரம் காயாத வயல்ல நிக்கிற நெல்லுக்குள்ளயே உளுந்தை விசிறிட்டு வந்துடுவோம். டெல்டாவுல எங்க ஆளுங்களுக்கு அது ஒரு போனஸ் மாதிரி. தனியா உழவு கிடையாது. மண்ணுல மிச்சம் இருக்கிற ஈரமும் ராத்திரிப் பனியும் போதும், சித்திரைக்குள்ள காசாயிடும். இந்த வருஷம் அந்தக் காசுல 20,000 ரூபாயைத் தனியா எடுத்து வச்சு ஸ்பீக்கர் வாங்கினேன்.

சென்னையில இருக்கிற நண்பர் போன்ல சிரிச்சார். "யோவ், உங்க வீட்ல புக்ஷெல்ஃபே கிடையாதே, உனக்கு எதுக்குய்யா புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்?" உண்மைதான். எங்க வீட்டுப் புத்தகமெல்லாம் பழைய நெல் குதிர் மேலதான் இருக்கு. வீட்டுக்காரம்மா சிரிக்கல. "மோட்டார் ஸ்டார்ட்டர் எப்ப புகையப் போகுதோன்னு இருக்கு. இப்ப இது அவசியமாங்க?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. அதுக்கான பதில் அப்பாகிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது.

அப்பாவுக்கு 76 வயசு. எங்க வீட்ல ரேடியோ ஒரு ஆள் மாதிரி இருந்துச்சு. 1960களின் நடுவுல ஆடுதுறை 27 நெல் வந்தப்போ, திருச்சி வானொலியோட பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டுத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் நிறைய பேர் அதைப் போட்டாங்க. அதனால அதுக்கு 'ரேடியோ நெல்'லுன்னே பேர். தாத்தாவும் போட்டார். அப்ப அப்பாவுக்குப் பதினாறு பதினேழு வயசு. ரேடியோல சொன்னதைக் கேட்டு, உரக்கணக்கை நோட்டுல எழுதி தாத்தாகிட்ட படிச்சுக் காட்டுறது அவர் வேலை. அதுல இருந்து ஒரு ஐம்பத்தஞ்சு வருஷம், காலையில செய்தி, மத்தியானம் பாட்டு, ராத்திரி நாயனம்னு அவர் காது ஓய்ஞ்சதே இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதை அவரே நிறுத்திட்டார். "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறானுங்க"ன்னார். டிவி பக்கமும் போறதில்ல. நாலு பேர் பேசிட்டிருந்தா எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவார். வயசாச்சு, அப்படித்தான்னு நானும் விட்டுட்டேன். பொண்ணு ஒருநாள் "தாத்தா, பயிர் பார்க்கப் போலாமா?"ன்னு கேட்டா. அவர் "தயிர் உங்க அம்மாகிட்ட கேளு"ன்னார். குழந்தை விழுந்து விழுந்து சிரிச்சது. அவர் சிரிக்கல. அன்னிக்குத்தான் எனக்குச் சுருக்குனு இருந்துச்சு.

தஞ்சாவூர்ல காது சோதனை பண்ணினோம். அந்தம்மா வரைபடத்தை எடுத்து வச்சுக்கிட்டு முதல்ல கேட்ட கேள்வி: "ஐயா டிராக்டர் ஓட்டினவங்களா?" நாங்க எதுவுமே சொல்லல. எப்படித் தெரியும்னு கேட்டேன். ரெண்டு காதுலயுமே மேல்ஸ்தாயி ஒலி குறைஞ்சிருக்கு, இடது காதுல ரொம்ப அதிகம்னு காட்டினாங்க. டிராக்டர் ஓட்டுறவங்க கலப்பையைப் பார்க்க வலது தோளுக்கு மேல திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க. அப்ப இடது காது இன்ஜினையும் புகைக்குழாயையும் பார்த்து நிக்கும். அப்பா முப்பது வருஷம் அப்படித்தான் ஓட்டினார்.

இன்னொண்ணும் விளக்கினாங்க. பேச்சுல உயிரெழுத்தோட கனம் கீழ் ஒலியில இருக்கு. ச, த, ப, க மாதிரி எழுத்துகளை ஒண்ணுல இருந்து ஒண்ணு பிரிச்சுக் காட்டுறது மேல் ஒலி. அது போயிட்டா சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. பயிரும் தயிரும் ஒண்ணாயிடும். காது மெஷின் எழுதிக் கொடுத்தாங்க, வாங்கினோம். போட்டா நல்லாத்தான் இருக்கு. ஆனா "விசில் அடிக்குதுடா"ன்னு சொல்லிட்டு அதைப் பாக்கு டப்பாவுல வச்சிருந்தார்.

முதல்ல நான் பண்ணினது தப்பு. 3,500 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் டவர் வாங்கினேன். ஆளுயரத்துல பாதி, விளக்கெல்லாம் எரியும், அட்டைப்பெட்டியில ஆயிரக்கணக்குல வாட் போட்டிருந்தான். அந்த மாதிரி பிஎம்பிஓ கணக்குக்கு அர்த்தமே கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது நின்னு நிதானமா கொடுக்கிற சக்தி. அப்பா ரெண்டு நிமிஷம் கேட்டார். "கிணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கு"ன்னு எழுந்துட்டார். அவருக்கு ஏற்கனவே நல்லா கேட்கிற கீழ் ஒலியை அந்தப் பெட்டி இன்னும் ஊத்துது. அது மீதியையும் மூடிடுச்சு.

அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். சின்ன மரப்பெட்டி ஸ்பீக்கர்ல பிபிசிக்காரங்க 1970கள்ல உருவாக்கின எல்எஸ்3/5ஏன்னு ஒண்ணு ரொம்பப் பேர் பெற்றது. ஒலிபரப்பு வேனுக்குள்ள இடம் பத்தாத இடத்துல வச்சு, மனுஷக் குரல் இயல்பா இருக்கான்னு சரிபார்க்கச் செஞ்சது. எனக்கு வேண்டியதும் அதுதானே! அதிர வைக்கிறது வேண்டாம், ஆள் பேசினா ஆள் பேசுற மாதிரி இருக்கணும்.

வாங்குறவங்களுக்கு உபயோகப்படும்னு நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். ஸ்பீக்கர் ரெண்டு வகை. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது ஆக்டிவ். ஒரு பிளக் சொருகினா போதும், விலையும் கம்மி, மேஜை மேல வச்சுக் கேட்க அருமை. ஆம்ப்ளிஃபயர் தனியா இருக்கிறது பேசிவ். எங்க ஊர்ல கரண்ட் ஏறி இறங்கும், கோடை இடி வேற. ஆக்டிவ்ல சர்க்யூட் போனா ஸ்பீக்கரே முடங்கிடும். பேசிவ்ல ஆம்ப்ளிஃபயர் மட்டும் போகும், கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் பார்த்துக்குவார். அதனால பேசிவ்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம்ங்கிற கணக்கு. மூணு டெசிபல் கூட வேணும்னா ரெண்டு மடங்கு சக்தி வேணும். அதாவது 83 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கேட்கிற இடத்துல 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் போதும். சின்ன ஆம்ப்ளிஃபயரோட சமாளிக்கிறவங்க இந்த எண்ணைப் பார்த்து வாங்கணும். அடுத்து ஓம். 4 ஓம் ஸ்பீக்கர் மலிவான ஆம்ப்ளிஃபயரைச் சூடாக்கிடும், 8 ஓம் பாதுகாப்பு. கூம்பைச் சுத்தி இருக்கிற வளையம் ரப்பரா இருக்கணும். நுரையா இருந்தா சில வருஷத்துல உதிர்ந்துடும். பழசு வாங்குறவங்க விரலால மெதுவா தொட்டுப் பார்த்துட்டு வாங்குங்க.

திருச்சியில ஒரு கடைக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். காது மெஷினைப் போட வச்சு, முன்னாடி நாற்காலி போட்டு உட்கார வச்சேன். கடைக்காரத் தம்பி ஒரு இங்கிலீஷ் பாட்டைப் போட்டுத் தரையை அதிர வச்சான். "தம்பி, இதைப் போடுங்க"ன்னு என் போனைக் கொடுத்தேன். செய்தி வாசிப்பு ஒண்ணு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடி ஒண்ணு, புதுசா பதிவு பண்ணின தனித்தவில் ஒண்ணு. ஸ்பீக்கரைச் சோதிக்க தவில் மாதிரி ஒண்ணு கிடையாது. தொப்பியில குச்சி விழுறப்போ கீழ் ஒலி தெரியும், வலந்தலையில விரல் கூடு விழுறப்போ மேல் ஒலி தெரியும். ரெண்டும் தனித்தனியா கேட்டா பெட்டி நல்ல பெட்டி. நாயனம் ட்வீட்டருக்குப் பரீட்சை. மோசமான ட்வீட்டர் கீச்சிடும்.

மூணு ஜோடி கேட்டோம். முதல் ஜோடி நாலு அங்குலக் கூம்பு. எங்க கூடத்துக்குப் பத்தாது. ரெண்டாவது எனக்குப் பளிச்சுனு பிடிச்சுது. அப்பா முகத்தைச் சுளிச்சார். காது மந்தமானவங்களுக்குச் சத்தமான மேல் ஒலி சட்டுனு எரிச்சலா இருக்குமாம், சோதனை பண்ணினவங்களும் அதைச் சொல்லியிருந்தாங்க. மூணாவது அஞ்சேகால் அங்குலம், 8 ஓம், சாதுவான பெட்டி. அதுல செய்தி போட்டதும் அப்பா சொன்னார்: "இது தேவலாம்டா. ஆனா இந்த இடது பெட்டி ரிப்பேர். வலதுல மட்டும்தான் வருது."

ரெண்டுலயும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்குத் தொண்டை அடைச்சுது.

கடைக்காரத் தம்பி அதுவரைக்கும் ஒரு சின்ன புது ஆம்ப்ளிஃபயரை வச்சிருந்தான். ஒரே ஒரு திருகு. நான் மூலையில தூசியோட இருந்த பழைய பாணி ஆம்ப்ளிஃபயரைக் காட்டினேன். பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ்னு தனித்தனித் திருகு. பேலன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் திருப்பினேன். அப்பா கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு இடத்துல கையைத் தூக்கி ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வெறும் சுவரைக் காட்டினார். "அங்க இருந்து வருது. அங்க பெட்டியே இல்லையேடா!" ரெண்டு காதும் ஒரே அளவு கேட்டா, ஒரே குரல் ரெண்டு பெட்டியில இருந்து வர்றப்போ அது நடுவுல நிக்கும். அதுதான் ஸ்டீரியோவோட வித்தை. அந்தத் திருகுக்காகவே அந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன்.

ஸ்பீக்கர் ஜோடி 11,500. ஆம்ப்ளிஃபயர் 7,000. ஒயர் 600, சாதாரண செம்பு ஒயர்தான், விலை உயர்ந்த ஒயர்ல பணத்தைப் போடாதீங்க. ஆசாரி செஞ்சு கொடுத்த வேப்பமர ஸ்டாண்ட் ரெண்டு 900. மொத்தம் சரியா 20,000.

வீட்ல வச்சப்போ மூலையில ஒட்டி வச்சேன், மறுபடியும் கிணறு. சுவரை விட்டு ஒரு அடி முன்னாடி இழுத்து, ட்வீட்டர் அப்பா உட்கார்ந்தா அவர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி வச்சதும் தெளிஞ்சது. கூடத்துல உளுந்து மூட்டை அடுக்கியிருந்த வரைக்கும் பிரமாதமா இருந்துச்சு. மீதி மூட்டையையும் வித்ததும் எதிரொலி வந்துடுச்சு! மூட்டைங்கதான் சத்தத்தை உறிஞ்சிட்டு இருந்திருக்கு. இப்ப தரையில கோரைப்பாய், எதிர்ச்சுவர்ல ஜமக்காளம். பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற காத்து ஓட்டையில மூணாம் நாளே குளவி மண் வைக்க ஆரம்பிச்சது. கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டியிருக்கேன். இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் போடல.

அப்பா இப்ப காலைச் செய்தி கேட்கிறார். அதுக்காக மெஷினையும் போட்டுக்கிறார். எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போன காது போனதுதான். ஆனா செய்தியில வந்த மேட்டூர் நீர்மட்டத்தை அவரே எனக்குச் சொல்றார்.

படிச்சப்போ இன்னொரு கணக்கும் கண்ல பட்டுச்சு. 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். அதுக்கு மேல ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபல்னா ஒரு மணி நேரம்தான். கூண்டு இல்லாத பழைய டிராக்டர் சுலபமா அதைத் தாண்டும். எனக்கு 44 வயசு. இருபது வருஷமா அதே சீட்டுல உட்கார்ந்து, அதே வலது தோளுக்கு மேல திரும்பிப் பார்த்துக்கிட்டு இருக்கேன். காதை மூடுற இயர்மஃப் ஒண்ணு வாங்கினேன். 20,000 ஆகல, சில நூறு ரூபாய்தான்.

அதை மாட்டிக்கிட்டு டிராக்டர்ல ஏறினப்போ தெருவுல ரெண்டு பேர் சிரிச்சாங்க. அப்பா திண்ணையில இருந்து பார்த்தார். சாயங்காலம் சாதாரணமா சொன்னார்: "எனக்கும் அப்ப யாராச்சும் இதைச் சொல்லியிருக்கலாம்."

உங்க வீட்லயும் பெரியவங்க "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க"ன்னு சொன்னா, முதல்ல காதைச் சோதிச்சுப் பாருங்க. ஸ்பீக்கர் வாங்குற வரைக்கும், போன்லயே அணுகல்தன்மை அமைப்புக்குள்ள இடது வலது பேலன்ஸ் இருக்கும், ஹெட்போன்ல அதைத் தள்ளிப் பாருங்க. ஸ்டார்ட்டர் இன்னும் புகையல. குறுவைக்கு நாத்து விடுற வேலை கிடக்கு, வர்றேன்.