நீர் சுமக்கும் சொல்

கலங்கிய குளத்தில் சிறிது ஆழம் சென்றாலே கண் பயனற்றுப் போகிறது. அங்கு வாழும் மீனுக்குப் பகைவன் யார், துணை யார், தன்னினும் வலியவன் யார் என்று உணர்த்துவது எது? நீரே உணர்த்துகிறது. நீரில் கரைந்து வரும் வேதிப்பொருள்கள் மீனின் நாசித் துளைகளுள் நுழைந்து செய்தி சொல்கின்றன. ஓசையின்றி நிகழும் இந்த உரையாடலில் போரும் உண்டு, காதலும் உண்டு.

தமிழகத்தின் ஏரி குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று வழங்கப்படும் மீன் இம்மண்ணுக்கு உரியது அன்று. தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளும் கழிமுகங்களுமே அதன் தாயகம். அறிவியலார் அதனை மொசாம்பிக் திலாப்பியா என்பர். 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று சந்தைகளில் எளிதாகக் கிடைக்கும் இம்மீனின் வாழ்வில் வியப்பூட்டும் செய்திகள் பல உள்ளன.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன்கள் ஆழம் குறைந்த மணற்பாங்கான இடத்தில் கூடுகின்றன. ஒவ்வோர் ஆணும் வாயால் மணலை அள்ளி அப்புறப்படுத்தி, வட்டமான பள்ளம் ஒன்றைத் தோண்டுகிறது. அப்பள்ளமே அதன் ஆட்சி எல்லை. எல்லையைக் காத்து நிற்கும் ஆணின் உடல் கருமை கொள்கிறது. தொண்டைப் பகுதி வெளுக்கிறது. இடம் பெறாத ஆண்கள் மங்கிய நிறத்துடன் ஒதுங்கித் திரிகின்றன. பெண் மீன் பள்ளத்துக்கு வந்து முட்டையிட்டு, அம்முட்டைகளை வாயில் ஏந்திக்கொண்டு அகன்றுவிடுகிறது. குஞ்சுகளைப் பேணும் பொறுப்பு முழுவதும் பெண்ணுடையது. எனவே ஆணின் முயற்சியெல்லாம் போட்டியிலேயே செல்கிறது.

போட்டி என்றாலும், ஒவ்வொரு முறையும் கடித்துக் குதறிக்கொண்டால் வென்றவனுக்கும் காயமே மிஞ்சும். அதனைத் தவிர்க்க இயற்கை வகுத்த வழி எளியது. வலிய ஆண் தன் சிறுநீரைச் சேமித்து வைத்து, எதிரியைச் சந்திக்கும்போது சிறிது சிறிதாகப் பீய்ச்சுகிறது. போர்ச்சுகல் நாட்டு அல்கார்வே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனை நுணுகி ஆராய்ந்தனர். ஆதிக்கம் செலுத்தும் ஆண்களின் சிறுநீர்ப்பை, அடங்கி வாழும் ஆண்களின் சிறுநீர்ப்பையைவிடத் தடித்த தசையுடையதாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் உருவையே எதிரியாகக் கருதிப் பாய்ந்த ஆண் மீன், வலிய ஆணின் சிறுநீர் கலந்த நீரில் தன் சீற்றத்தைக் குறைத்துக்கொண்டது. அந்தச் சிறுநீர் 'நான் வலியவன். விலகிச் செல்' என்று அறிவிக்கும் எச்சரிக்கை. அதனை உணர்ந்து விலகுபவன் உயிரையும் உடலையும் காத்துக்கொள்கிறான்.

அதே சிறுநீர் பெண் மீனிடம் வேறொரு செய்தியைச் சேர்க்கிறது. 2014ஆம் ஆண்டில் அதே ஆய்வாளர்கள் அச்செய்தியைச் சுமக்கும் இரு ஸ்டீராய்டு சேர்மங்களை இனங்கண்டனர். அவற்றின் மணம் எட்டியதும், முட்டை முதிர்வதற்கு உதவும் ஹார்மோன் பெண்ணின் உடலில் பெருகுகிறது. போர்க்களத்தில் பகைவனைத் தணிக்கும் நீரே மணக்களத்தில் துணையை ஆயத்தப்படுத்துகிறது. ஒரே ஊடகத்தில் இரு வேறு கேட்போருக்கு இரு வேறு பொருள்!

இத்தகைய மொழி நீரின் தன்மையைச் சார்ந்தது. நீர் மாறினால் சொல் சிதையும். மெக்சிகோவின் மலையோடைகளில் வாழும் வாள்வால் மீன்கள் இதற்குச் சான்று. அவற்றுள் ஓர் இனத்தின் பெண் மீன்கள் தம் இனத்து ஆணை மணத்தால் அறிந்து தேர்பவை. கழிவுநீரும் வயல்களிலிருந்து வழிந்த நீரும் கலந்த ஆற்றுநீரில் அவற்றைச் சோதித்தபோது, அவை தம் இனத்தையும் அயல் இனத்தையும் பிரித்தறியத் தவறின. நீரில் ஹியூமிக் அமிலம் மிகுந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. அப்பகுதி ஓடைகளில் இரு இனங்களும் கலந்து பிறந்த மீன்கள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

அந்தப் பெண் மீன்கள் மாசினால் மாண்டுவிடவில்லை, நீந்தின, உண்டன. அவை இழந்தது தம் இனத்தை அடையாளம் காணும் ஆற்றலை மட்டுமே. ஆனால் அந்த இழப்பு தலைமுறைகள் கடந்தும் தொடரக்கூடியது. மீன்கள் செத்து மிதந்தால்தான் ஆறு கெட்டது என்று மனிதன் அறிகிறான். மீன்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்போதே, அவற்றின் மொழி அழிந்துபோகக்கூடும் என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆற்றில் கழிவைக் கலக்கும் முன், அந்நீர் வேறோர் உயிரின் மொழியையும் சுமக்கிறது என்பதை அவன் நினைவிற்கொள்ள வேண்டும்.