வயிறு நிறைந்தும் மாடு இளைப்பது ஏன்?

காங்கேயம், தாராபுரம் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துவிடும். அதன்பிறகு மாட்டுக்குச் சோளத்தட்டுதான் கதி. வயிறு முட்டத் தின்கிறது. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. சாணம் கெட்டியாக விழுகிறது. 'என்ன போட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை' என்று பலர் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். இளைத்த மாட்டுக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. மழை பெய்தபின் அதே போல ஒரு மாடு வாங்கப் போனால், விற்ற பணம் போதாது.

இங்கே குறைவது புரதம். தட்டில் உள்ள நாரைச் செரிக்க வைப்பவை மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள். அவை பெருகத் தீவனத்தில் 7 சதவிகிதமாவது புரதம் வேண்டும். சோளத்தட்டிலும் வைக்கோலிலும் சுமார் 4 சதவிகிதம்தான் இருக்கிறது. நுண்ணுயிரிகள் குறைந்தால் தின்ற தட்டு செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். பழையது இறங்கினால்தானே புதிதாகத் தின்ன முடியும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 6 கிலோ தட்டு தின்னும் மாட்டுக்கு 420 கிராம் புரதம் தேவை. தட்டில் கிடைப்பது 240 கிராம். மீதி 180 கிராமை அரை கிலோ கடலைப் பிண்ணாக்கு ஈடுகட்டிவிடும். வேலை எருதுக்கும் கறவை வற்றிய பசுவுக்கும் இளைப்பைத் தடுக்க இது ஆரம்ப அளவு. கறவை மாட்டுக்கும் நிறைசினை மாட்டுக்கும் கூடுதலாக வேண்டும்.

பிண்ணாக்கு வாங்க முடியாதவர்கள் 3, 4 கிலோ பச்சை அகத்தித் தழை போடலாம். காட்டில் உதிரும் வெள்வேலங்காயும் நல்ல புரதத் தீவனம். பொறுக்கிக் காயவைத்துச் சேமிக்கலாம். சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முடி கொட்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தொடவே வேண்டாம்.

இளைத்த மாட்டுக்கு அரிசிக் கஞ்சியும் சோறும் நிறைய ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. அதனால் வயிற்றில் அமிலம் கூடி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மேலும் குறையும்.

ஆகவே, விற்கும் முன் குடற்புழு நீக்கி, தண்ணீரும் தட்டும் தாராளமாக வைத்து, ஒரு மாதம் பிண்ணாக்கு கொடுத்துப் பாருங்கள். செலவாவது 15 கிலோ பிண்ணாக்கு. இளைத்த மாடு என்று வியாபாரி குறைக்கும் தொகையோடு அந்தச் செலவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சந்தைக்கு ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.