சாய்ந்த திடல்

கேமரன் மலையில் தேயிலைக்கு இடம் உண்டு, கோஸுக்கும் தக்காளிக்கும் இடம் உண்டு. பிள்ளைகள் ஓடியாடச் சமதரை கிடைப்பதுதான் பெரும்பாடு. நான் ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் தோட்டத் திடலும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். மத்தியான மழை பெய்து ஓய்ந்தால் பந்து எங்கே நிற்கும், எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் வந்த பிறகு ஆட்டத்தின் வேகமே மாறிவிட்டது. ஈப்போவில் அப்படிப்பட்ட தரையில் முதன்முதலாக இறங்கும்போது எங்கள் பிள்ளைகள் திணறத்தான் செய்கிறார்கள். ஆனால் மேடுபள்ளத்தில் பந்தை நிறுத்திப் பழகியவர்களுக்கு அந்தத் திணறல் சீக்கிரம் போய்விடுகிறது.

ஹாக்கியில் ஆள் மாற்றக் கணக்குக் கிடையாது. வெளியே வந்தவர் திரும்பவும் உள்ளே போகலாம். பெரிய அணிகள் களைப்பாற இதைப் பயன்படுத்துகின்றன. எனக்கோ கடைசிப் பிள்ளைக்கும் ஆட்டம் கொடுக்க இது வசதி. தோற்றுக்கொண்டிருக்கும்போதும் கொடுப்பேன். "ஏன் சார், நல்லா ஆடுற பையனப் போய் வெளிய எடுக்கிறீங்க?" என்று வேலிக்கு அப்பாலிருந்து அப்பாக்கள் சத்தம் போடுவார்கள். பன்னிரண்டு வயதில் கிண்ணம் வாங்கிய பையன் பதினேழு வயதில் மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டால் அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவர்களுக்கு 1975 கதையைச் சொல்வேன். கோலாலம்பூரில் உலகக் கிண்ண அரையிறுதி. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மலேசியா இந்தியாவை 2-1 என்று முந்திக்கொண்டிருந்தது. இரண்டாவது கோல் அவருடையதுதான். அந்தக் காலத்தில் இப்படி இஷ்டத்துக்கு ஆள் மாற்ற முடியாது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது இந்தியா மாற்று ஆட்டக்காரர் அஸ்லம் ஷேர் கானை இறக்கியது. பெனால்டி கார்னரில் அவர் அடித்த கோல் ஆட்டத்தைச் சமமாக்கியது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவதைப் போட, நாம் கடைசியில் நான்காம் இடத்தோடு நின்றோம். இன்றுவரை அதைத் தாண்டவில்லை. பெஞ்சில் இருப்பவனின் அருமைக்கு நம் தோல்வியையே சாட்சிக்கு இழுப்பது எனக்கே வேடிக்கைதான். ஆனால் அப்பாக்கள் அடங்கிவிடுகிறார்கள்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் வருவார்கள். இடக்கைக்கென்று தனி மட்டை கிடையாது, உண்மைதான். ஆனால் மட்டையின் உச்சியைப் பிடித்துத் திருப்புவது எல்லாருக்கும் இடக்கைதான். அதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும்.

வேறொரு சிக்கலுக்குத்தான் என்னிடம் மருந்தில்லை. கொழுந்தை இப்போது இயந்திரம் வெட்டுகிறது. அதைப் பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். லயத்துத் தமிழ்க் குடும்பங்கள் தாப்பா, ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டன. பள்ளிக்கூடத்தில் பதினொரு பேரைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அதனால் ஐவர் ஹாக்கிக்கு மாறிவிட்டோம், ஆணும் பெண்ணும் கலந்தே. குறைவாக நினைக்க ஒன்றுமில்லை: 2018-இல் புவெனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மலேசியப் பையன்கள் இந்தியாவை 4-2 என்று வென்று தங்கம் வாங்கியது இந்த ஆட்டத்தில்தான்.

ஐவரில் ஒருவர் கோல் காக்க வேண்டும். அதற்கு மட்டும் யாரும் முன்வருவதில்லை. வாரம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம்.