கோழிக்கு வேலி தெரியாது

எங்கட பக்கம் ஒரு வீட்டின் வருமானத்தைக் கேட்டால் வயல், கூலி, வெளிநாட்டுக் காசு என்று சொல்வார்கள். கோழியை ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் கொப்பி வாங்க, ரியூசனுக்குக் கொடுக்க, ஃபோனுக்கு ரீலோட் போட, ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற என்று திடீரெனத் தேவைப்படுகிற காசு பல வீடுகளில் அம்மாமாரின் முட்டைக்காசுதான். யுத்தம் முடிந்து மீளக் குடியேறிய காலத்தில் வன்னியில் நிறையக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழிகள் கொடுத்தார்கள். 2023இல் நாட்டுக்குள் முட்டை தட்டுப்பட்டு இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தபோது, முற்றத்தில் நாலு பேடு நின்ற வீடுகள் அதன் அருமையை இன்னும் நன்றாக விளங்கிக்கொண்டன.

அப்படியான ஒரு கூட்டில் வருத்தம் விழுந்தால் என்ன நடக்கிறது என்பதை, போன மாசியில் எங்கட வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறோம்.

எங்களிடம் 17 கோழிகள் நின்றன. ஒரு நாள் விடியக் கூட்டைத் திறந்தபோது ஒரு பேடு இறங்கி வரவில்லை. செட்டை இரண்டும் தொங்க, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஊரில் இதைத்தான் 'கோழி தூங்குது' என்பார்கள். கீழே பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணியாய்க் கழிந்திருந்தது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு தூங்கத் தொடங்கின. அடுத்த நாள் சேவல் வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுத்தது. மூன்றாம் நாள் ஒரு பேட்டின் கழுத்து முறுகி, தலை முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. ஐந்து நாளில் 13 கோழிகள் செத்தன.

வைத்தியம் சொல்ல ஆட்கள் குறைவில்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துத் தீத்தச் சொன்னார்கள். பனடோலைக் கரைத்துப் பருக்கச் சொன்னார்கள். மனிசருக்கு வாங்கிய அன்ரிபயோற்றிக் குளிசையை உடைத்துத் தண்ணியில் போடச் சொன்னவர்களும் உண்டு. கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்து அறிகுறிகளைச் சொன்னபோது, இது பெரும்பாலும் இராணிக்கெட்தான் என்றார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தின் பெயரில் உலகம் அறிந்த நோய் இது. எங்கட பிரதேசங்களில் அதற்கு வட இந்திய மலைநகரமான ராணிக்கெட்டின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இது வைரசால் வருவது. வந்த பிறகு குணமாக்குகிற மருந்து கிடையாது. அன்ரிபயோற்றிக் வைரசை ஒன்றும் செய்யாது. தடுப்பு மருந்து போடாத கூட்டில் கிட்டத்தட்ட எல்லாக் கோழிகளுமே சாகலாம்.

மருந்து இல்லை என்று தெரிந்த அந்த நிமிசத்தில்தான் உண்மையான பிரச்சினை தொடங்குகிறது. மிச்சம் நிற்கிற கோழிகளை என்ன செய்வது?

இரண்டாம் நாள் பின்னேரம் கோழி வாங்குகிற அண்ணை மோட்டார் சைக்கிளில் கூடையோடு வந்தார். அப்போது பத்துக் கோழி காலில் நின்றன. "நிக்கிறதைத் தாங்கோ அக்கா. நாளைக்கு எண்டா ஒண்டும் மிஞ்சாது" என்றார். அரை விலைதான் சொன்னார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அந்த அரை விலை தங்கச்சியின் இரண்டு மாத ரியூசன் காசு. அம்மா கன நேரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "வேண்டாம் தம்பி. இந்தக் கூடைக்குள்ள இன்னொரு வீட்டுக் கோழியும் ஏறும்" என்றார். அவர் போன பிறகு எங்களில் ஒருவருக்கும் கதைக்க மனம் வரவில்லை. அம்மா செய்தது சரி என்று தெரியும். காசு போனதும் தெரியும்.

கூடை, ரயர், செருப்பு, தண்ணிச் சட்டி எல்லாவற்றிலும் இந்தக் கிருமி ஒட்டிக்கொண்டு போகும். வருத்தம் வந்த கோழியை அடித்துச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாகச் சமைத்தால் கிருமி செத்துவிடும். ஆனால் உரித்த இறகையும் குடலையும் நாயும் காகமும் நாலு வளவுக்கு இழுத்துக்கொண்டு போகும். அதோடு, கோழிகள் இப்படி மளமளவென்று சாகும்போது அது இராணிக்கெட்டா பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே வெறுங்கையால் தொடுவதும் உரிப்பதும் ஆபத்து. நாங்கள் கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, கிணற்றுக்குத் தள்ளி ஆழமாகக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

கிடங்கு வெட்டுவதைவிடக் கஷ்டமான வேலை அயலுக்குச் சொல்வது. கோழி செத்ததைச் சொன்னால் 'உங்கட வீட்டிலயிருந்துதான் வந்தது' என்ற பேச்சு வரும். எல்லைக் கதியாலுக்கே வருசக்கணக்கில் கதைக்காமல் இருக்கிற ஊர் இது. என்றாலும் செருப்பைக் கழுவிக்கொண்டு, உள்ளே போகாமல், எட்டு வீட்டுப் படலையிலும் நின்று சொன்னோம். பக்கத்து வீட்டு மாமிக்குக் கோபம் வந்தது. "உங்கட சேவல்தானே நெடுக எங்கட வளவுக்குள்ள நிண்டது" என்றார். ஆனால் அன்றைக்கே தன்ர கோழிகளை அடைத்துவைத்தார். அவருக்கு இரண்டுதான் செத்தன.

ஒழுங்கை முடிவில் உள்ள வீட்டில் வேறு கதை. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "எங்கட வீட்டில போன கிழமையே தொடங்கிட்டுது. மிச்சத்தைக் குடுத்திட்டன்" என்றார். நுண்கடன் தவணைக்கு ஆட்கள் வருகிற நாள் அது என்பது எங்களுக்கும் தெரியும். அவர் வாய் திறந்திருந்தால் எங்கட 13 கோழிகளில் பாதியாவது தப்பியிருக்கலாம். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதற்கு வெறும் சுயநலம் என்று பெயர் வைக்க எங்களால் முடியவில்லை. எங்கட அம்மாவுக்கும் படலையடியில் அந்த யோசனை வந்துதானே போனது. எங்களுக்கு அந்தக் கிழமை கடன்காரர் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே 'பொறுப்பாக இருங்கள்' என்று சொல்லிவிட்டு நகர முடியாது. வருத்தம் வருவதற்கு முதலே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இராணிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து உண்டு. கண்ணில் ஒரு சொட்டு விடுகிற மருந்து அதில் ஒரு வகை. பிரச்சினை குப்பியின் அளவு. ஒரு குப்பி நூறு கோழிகளுக்கும் மேலே காணும். கரைத்தால் கொஞ்ச நேரத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. பெரிய பண்ணைக்காரருக்கு இது ஒரு விசயமே இல்லை. பத்துக் கோழி வளர்க்கிற வீடு அதை வாங்காது. ஒவ்வொரு வீடும் அப்படி நினைத்தால் முழு ஒழுங்கையும் மருந்தில்லாமல் நிற்கும்.

எங்கட ஒழுங்கையில் இந்த முறை கோழிகளை எண்ணினோம். தங்கச்சி கொப்பியில் வீடு வீடாக எழுதினாள். செத்தது போக எண்பத்துச் சொச்சம் நின்றன. நோய் அடங்கும் வரை பொறுத்து, வைத்திய அலுவலகத்தில் கேட்டு, எல்லோரும் காசு சேர்த்து ஒரு குப்பி எடுத்தோம். ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் கொண்டுவந்தோம். முதல் நாள் இரவே எல்லா வீட்டிலும் கோழியை அடைத்து, விடியத் திறக்காமல் வைத்திருந்தார்கள். மாமி ஒவ்வொன்றாகப் பிடித்துத் தர, நாங்கள் சொட்டு விட்டோம். ஒழுங்கை முடிவு அக்கா வீட்டில் கோழி இல்லை. ஆனாலும் வந்து பிடித்துத் தந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். அந்தத் திகதியை ஒழுங்கைக்கென்று தொடங்கிய வட்ஸ்அப் குறூப்பில் போட்டிருக்கிறோம். யாருடைய வீட்டில் கோழி தூங்கினாலும் முதலில் அங்கே சொல்வது என்றும் கதைத்திருக்கிறோம். சொல்கிற வீட்டை ஒருவரும் ஏசக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மாமிதான் அதைச் சொன்னார்.

தப்பிய கோழிகளும் கொஞ்சக் காலத்துக்குக் கிருமியைப் பரப்பலாம் என்பதால் புதுக் குஞ்சுகள் இன்னும் எடுக்கவில்லை. கூட்டைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் கனபேருக்குக் கோழி அம்மாவின் வேலை, அம்மம்மாவின் வேலை. ஆனால் அலுவலகத்துக்கு ஃபோன் எடுப்பதும், கணக்கு எழுதுவதும், குறூப் தொடங்குவதும் எங்கட வயதுக்காரருக்குச் சுகமான வேலைகள். இன்றைக்குப் பின்னேரம் உங்கட ஒழுங்கையில் எத்தனை கோழி நிற்கிறது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ. நூறுக்குக் கிட்ட வந்தால் ஒரு குப்பிக்குக் காணும்.