சொல்லும் மரியாதையும்

ஆங்கிலத்தில் எழுதப் பழகும் மாணவர்களின் இலக்கணப் பிழைகளைத் திருத்துவது எளிது. சிவப்பு மையில் ஒரு சுழி போதும். வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்து, சொல்லின் தொனி மட்டும் பிசகியிருக்கும்போதுதான் எதைச் சொல்லித் திருத்துவது என்று தயங்க நேர்கிறது.

இச்சிக்கலுக்கு அம்மொழியின் வரலாறும் ஒரு காரணம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அங்கிருந்த ஜெர்மானிய வேர்ச்சொற்களின்மீது பிரெஞ்சுச் சொற்கள் வந்து படிந்தன. கற்றோர் வழியாக லத்தீன் சொற்களும் சேர்ந்தன. ஆகவே கேட்டல் என்ற ஒரே செயலுக்கு 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டராகேட்' என்று மூன்று சொற்கள். முதலாவது திண்ணையில் உட்கார்ந்து கேட்பது. இரண்டாவதில் ஐயத்தின் சாயல் உண்டு. மூன்றாவது காவல் நிலையத்து விசாரணை.

ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட 'தெசாரஸ்', சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்த நூல். நெஞ்சில் இருந்தும் நாவுக்கு வராத சொல்லைத் தேடிக்கொள்ள உதவுவது. நம் மாணவர்கள் பலர் இத்தகைய நூல்களை எளிய சொல்லைக் கொடுத்துப் பெரிய சொல்லை வாங்கும் கடையாக்கிவிடுகிறார்கள். சிறிய சொல் போதுமான இடத்தில் பெரிய சொல் வேண்டாம் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் அறிவுறுத்தினார். ஆனால் எளிய சொல்லைக் கண்டு நம் பிள்ளைகள் கூசுவதற்கு வெறும் பகட்டு மட்டுமே காரணமல்ல என்பதை ஒரு மாணவி எனக்கு உணர்த்தினாள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவித்தொகைக்காகத் தன்னைப் பற்றி எழுதியிருந்தாள். தந்தையின் மரணத்தைக் குறிக்க முதலில் 'டைட்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'எக்ஸ்பையர்ட்' என்று மாற்றியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"முதல்ல எழுதினது அப்பா செத்துப்போனார்னு சொல்ற மாதிரி இருக்கு சார். மரியாதையா இல்லையே."

அவள் தேர்ந்த சொல்லைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. மூச்சை வெளிவிடுதல் என்பதே அதன் லத்தீன் வேர்ப்பொருள். 'உயிர் விட்டார்' என்று நாம் சொல்வதற்கு மிக நெருங்கியது. இந்திய ஆங்கிலத்தில் அது இன்றும் புழங்குகிறது. ஆனால் அவள் கட்டுரையைப் படிக்கப்போகிறவருக்கு அச்சொல் கடவுச்சீட்டையும் மருந்துப் புட்டியையும் நினைவூட்டக்கூடும்.

தமிழில் காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார் என்று வினைச்சொல்லிலேயே மரியாதையை ஏற்றிவிடுகிறோம். 'ஆர்' விகுதியும் துணைக்கு வருகிறது. ஆங்கில வினையில் அதற்கு இடமில்லை. அங்கே 'டைட்' என்பது அரசருக்கும் ஆண்டிக்கும் பொது. அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. மரியாதையை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்றேன். எங்கே என்று கேட்டாள். அப்பாவைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்ததை எழுது என்றேன்.

மறுநாள் கொண்டுவந்த தாளில் பழைய சிறு சொல்லே திரும்பியிருந்தது. அதையடுத்து ஒரு புதிய வாக்கியம்: தன் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட அப்பா ஒருமுறைகூடத் தவணை கேட்டதில்லை; அவரிடம் இருந்த செருப்பு ஒரே ஒரு ஜோடி.

அகராதி துணையின்றி எழுதக்கூடிய ஆங்கிலம்தான். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.