டெல்லி டு கடலோரம்: குடும்பத்தோடு குடியேற எந்த ஊர் சரிப்படும்?

நவம்பர் பிறந்தால் டெல்லியில் ஜன்னல்கள் மூடிக்கொள்ளும். காற்றுத் தர எண் 400-ஐத் தாண்டும் நாள்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்கள். வீட்டுப் பெரியவர்களின் நெபுலைசர் அலமாரியிலிருந்து மேஜைக்கு வந்துவிடும். கரோல்பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் எனத் தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் ஆண்டுதோறும் அந்த மாதத்தில் ஒரு பேச்சு எழும். “பேசாம ஊர்ப்பக்கம் போயிடலாமா? கடல் காத்தாவது கிடைக்கும்!”

முன்பெல்லாம் இது பேச்சோடு போகும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி வந்தபிறகு, நிஜமாகவே மூட்டை கட்டுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், இரண்டு தலைமுறையாக டெல்லியில் இருக்கும் பல குடும்பங்களுக்குச் சொந்த ஊரில் இப்போது வீடும் இல்லை, உறவும் இல்லை. எந்த ஊர் என்பதைப் புதிதாகத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் 14 மாவட்டங்கள் கடலைத் தொடுகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை. எங்கே போவது?

வீட்டில் 70 வயதைக் கடந்த தாத்தா, பாட்டி. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் பிள்ளை. லேப்டாப்பில் வேலை பார்க்கும் பெற்றோர். இப்படி ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொண்டு நான்கு ஊர்களைச் சுற்றிப் பார்ப்போம்.

புதுச்சேரி: ஆஸ்பத்திரி பக்கம், கூட்டமும் பக்கம்

வடக்கிலிருந்து வருபவர்கள் முதலில் சொல்லும் பெயர் புதுச்சேரி. காரணம் தெரிந்ததுதான். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தாத்தாவும் பேரனும் கைகோத்து நடக்கலாம். சென்னை ஈ.சி.ஆர். வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் தூரம்தான்.

இதைவிடப் பெரிய காரணம் கோரிமேட்டில் இருக்கிறது. மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என எதற்கும் வெளியூர் ஓட வேண்டியதில்லை. வீட்டில் வயதானவர் இருந்தால் இந்த ஒரு விஷயமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

ஆனால், சுற்றுலாப் பயணியாக வந்து பார்த்த புதுச்சேரி வேறு. வாடகைக்கு வீடு தேடும் புதுச்சேரி வேறு. வொயிட் டவுனின் மஞ்சள் சுவர் வீடுகள் பெரும்பாலும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. குடும்பங்கள் குடியிருப்பது லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம். சனி, ஞாயிறுகளில் சென்னை, பெங்களூரு வண்டிகள் நகரை நிரப்பிவிடும்; பால் வாங்கப் போய்த் திரும்பவே நேரமாகும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பள்ளமான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மேடான லாஸ்பேட்டைக்கும் இந்த நகர்களுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தூரம். ஊரைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, தெருவையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் மணல், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தடுத்தன. நகரின் மணல் கடற்கரை காணாமல்போய், கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. நகரைக் கல் காப்பாற்றியது. ஆனால் அரிப்பு வடக்கே நகர்ந்தது. பிள்ளைச்சாவடி போன்ற மீனவ கிராமங்களில் வீடுகளையே கடல் கொண்டுபோனது. சமீப ஆண்டுகளில் கடலுக்கடியில் அமைத்த தடுப்பால் தலைமைச் செயலகம் அருகே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ‘கடலைப் பார்த்த மனை’ என்று விளம்பரம் வந்தால், அந்த மனைக்குத் தெற்கே என்ன கட்டுமானம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காரைக்கால்: சின்ன ஊர், வேறு எல்லை

நாகப்பட்டினத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருந்தாலும் காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் தெருவெல்லாம் மாம்பழம் இறைபடும். திருநள்ளாறு கோயில் பக்கத்தில், நாகூர் தர்கா தெற்கே, வேளாங்கண்ணி இன்னும் கொஞ்சம் தெற்கே. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையில் வாரநாள் மாலையில் கூட்டமே இருக்காது.

டெல்லிப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி. புதுச்சேரி, காரைக்கால் பகுதி அரசுப் பள்ளிகளே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. டெல்லியில் படித்த பாடத்தை அப்படியே தொடரலாம். ஊரிலேயே என்.ஐ.டி. இருக்கிறது, ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

குறை என்ன? வேலைவாய்ப்பு குறைவு. கணவன், மனைவி இருவருக்கும் லேப்டாப் வேலை என்றால் கவலையில்லை. ஒருவர் உள்ளூரில் வேலை தேட வேண்டும் என்றால் யோசிக்க வேண்டும். பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூர் அல்லது புதுச்சேரி போக வேண்டியிருக்கும்.

இந்தக் கரையில் வீடு பார்க்கும் எவரும் 2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியாது. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலேயே மிக அதிகமான இழப்பு அங்கேதான். காரைக்காலிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இங்குள்ளவர்கள் கடலை வெறுத்துவிடவில்லை. ஆனால், அதை வேடிக்கைப் பொருளாகவும் பார்ப்பதில்லை.

தூத்துக்குடி: வேலை இருக்கும் கடலோரம்

கடலோரம் என்றால் அமைதி என்று நினைப்பவர்களைத் தூத்துக்குடி கொஞ்சம் அதிரவைக்கும். வ.உ.சிதம்பரனார் துறைமுகம், அனல்மின் நிலையம், கன்டெய்னர் லாரிகள், ஊரைச் சுற்றிக் கண்கூசும் உப்பளங்கள். உழைக்கும் ஊர் இது. ஷிப்பிங், லாஜிஸ்டிக்ஸ், கணக்குப் பிரிவு என வேலை தேடும் துணைவருக்கு இந்த நான்கு ஊர்களில் வாய்ப்பு அதிகம் இங்கேதான். அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. வாகைக்குளம் விமான நிலையத்தின் விரிவாக்கப்பட்ட முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது.

சாப்பாட்டில் ஊர் யாரையும் ஏமாற்றாது. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த மக்ரூன், மாலையில் எண்ணெயில் பொரித்த பரோட்டா. ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதா திருவிழாவில் மதம் பார்க்காமல் ஊரே திரளும்.

ஆனால், பசுமை தேடி வருபவர்களுக்கு இந்த ஊர் வெயிலும் உப்பும்தான். நிலத்தடி நீரை நம்ப முடியாது. குடிநீர் தாமிரபரணியிலிருந்து வருகிறது. மழை குறைவான ஊர் என்ற நம்பிக்கையையும் 2023 டிசம்பர் உடைத்தது. அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை.

நாகர்கோவில்: கடல் தெரியாது, கடல் தூரமும் இல்லை

கடலோர ஊர்ப் பட்டியலில் நாகர்கோவிலா என்று கேட்கலாம். நகரிலிருந்து கடல் தெரியாது. ஆனால் சங்குத்துறை, முட்டம், கன்னியாகுமரி எல்லாமே ஒரு மாலைப்பொழுதில் போய்வரும் தூரம். வீடு பாதுகாப்பான தூரத்தில், கடல் கூப்பிடு தூரத்தில் என்பதுதான் இந்த ஊரின் பலம்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, முன்னால் வயலும் குளமும். தோவாளையில் விடியற்காலைப் பூச்சந்தை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டமும் இதுதான். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் இரண்டு மணி நேரப் பயணம்; விமான நிலையமும் அங்கேயே. சென்னைக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. டெல்லி உறவுகளைப் பார்க்க கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் உண்டு.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கரையில் ஒரு வார்த்தை முக்கியம்: கள்ளக்கடல். உள்ளூரில் புயலோ காற்றோ இருக்காது, வானம் தெளிவாகவே இருக்கும். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை, பல நாள் பயணித்து வந்து திடீரென்று கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அபாய எச்சரிக்கை வந்த நாளில் காலை நனைக்கக்கூட இறங்கக் கூடாது. மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளில் நமக்கும் கரையில் வேலையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பள்ளியும் எல்லைக்கோடும்

டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்த பிள்ளை என்றால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும். மற்ற பிள்ளைகளில் பலர் வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கத் திணறுவார்கள். தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி 10-ம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று சேர்க்கைக்கு முன்பே பள்ளியில் கேட்டுவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையை இடம் மாற்றுவதைவிட, ஆறாவது ஏழாவதிலேயே மாற்றுவது அவர்களுக்கு எளிது.

இன்னொரு விஷயம். மருத்துவம், பொறியியல் இட ஒதுக்கீட்டில் தமிழ்நாடு தனி, புதுச்சேரி தனி. எங்கே எத்தனை ஆண்டுகள் படித்தார்கள், வசித்தார்கள் என்பதைப் பார்ப்பார்கள். காரைக்காலா நாகப்பட்டினமா என்பது 20 கிலோமீட்டர் வித்தியாசம் மட்டுமல்ல. ரேஷன் கார்டிலிருந்து கல்லூரி இடம் வரை மாறும்.

வீடு பார்க்கும்போது

புரோக்கரிடம் வாடகையைக் கேளுங்கள். மற்ற மூன்று கேள்விகளைத் தெருமுனை டீக்கடையில் கேளுங்கள். “2004-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க?”, “பெருமழையில இந்தத் தெருவுல எத்தனை நாள் தண்ணி நிக்கும்?”, “குடிக்க எந்தத் தண்ணி புழங்குறீங்க?” டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் சொல்வதற்கு இணையான சர்டிஃபிகேட் கிடையாது.

போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடலை ஒட்டிய வீட்டில் உப்புக்காற்று இரும்பு கிரில், ஏ.சி.யின் வெளிப்பெட்டி, பைக் சங்கிலி எதையும் விடாது. பராமரிப்புச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மனை வாங்குவதாக இருந்தால் வில்லங்கச் சான்றோடு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை விதிகள் உண்டு. சில இடங்களில் கட்டவே முடியாது. டெல்லிப் பதிவெண் வண்டியைக் கொண்டுவருபவர்கள் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்காமல் கிளம்பாதீர்கள். ஓராண்டுக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு கட்டாயம்.

அப்படியானால் எந்த ஊர்?

பெரியவர்களுக்குத் தொடர் சிகிச்சை தேவை என்றால் புதுச்சேரி, அதிலும் மேடான பகுதி. செலவு குறைவாக, பிள்ளையின் பாடத்திட்டம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் காரைக்கால். உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்றால் தூத்துக்குடி. மழையும் பச்சையும் கொஞ்சம் குளிர்ந்த காற்றும் போதும் என்றால் நாகர்கோவில்.

எந்த ஊராக இருந்தாலும், எடுத்த எடுப்பில் வீடு வாங்க வேண்டாம். பிப்ரவரியில் பார்த்தால் எல்லாக் கடலோர ஊரும் அழகாகத்தான் இருக்கும். கோடை விடுமுறையில் வந்து வாடகைக்கு அமருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மழைக்காலத்தை அங்கேயே கழியுங்கள். புழுக்கம், மின்வெட்டு, தெருவில் நிற்கும் தண்ணீர், புயல் எச்சரிக்கை எல்லாம் பார்த்த பிறகும், பொங்கலன்று பாட்டி “இங்கேயே இருந்துடலாம்” என்று சொன்னால் அட்வான்ஸ் கொடுங்கள்.